மெத்தை உறையில் அடர்த்தி எண் எங்கே?

ஆசிரியருக்கு,

என் எடை 118 கிலோ. பாளையங்கோட்டைக் கடையொன்றில் 10 ஆண்டு உத்தரவாதத்துடன் வாங்கிய நுரை (ஃபோம்) மெத்தை 14 மாதத்தில் நடுவே குழிந்துவிட்டது. ஒன்றரை அங்குலத்துக்குக் குறைந்த குழிக்கு உத்தரவாதம் செல்லாதாம். அளவுகோல் வைத்து அளந்தார்கள், நான் படுக்காதபோது!

கையால் அமுக்கிக் கெட்டியாக இருக்கிறதென்று நம்பியது என் தவறு. கெட்டித்தன்மை வேறு, அடர்த்தி வேறு. ஒரு கன மீட்டர் நுரை எத்தனை கிலோ என்பதே அடர்த்தி. அது குறைந்தால், 8 அங்குல உயரமிருந்தும் என்னைப் போன்றவர்களுக்கு விரைவில் அமுங்கிவிடும். அந்த எண்ணை ஏன் உறையில் அச்சிடக் கூடாது? துணியில் பூ வேலைக்கு இடமிருக்கிறதே.

இப்போது பத்தமடைப் பாயில் படுக்கிறேன். காலையில் எழுப்பிவிடத்தான் இருவர் தேவைப்படுகிறார்கள்.

– ஓய்வுபெற்ற பஸ் நடத்துநர், பாளையங்கோட்டை