இரண்டாம் படையின் முகம்

கியூர்பிப், மொரீஷியஸ்

அன்புள்ள மகனுக்கு,

அம்மா எழுதுவது. உன் வார்ஹாமர் மேசைப் போர் விளையாட்டுப் படையைப் பற்றி நீ அனுப்பியிருந்த நான்கு பக்கக் கதையையும், நீ வண்ணம் தீட்டிய உருவங்களின் பதினோரு படங்களையும் தங்கை அச்செடுத்துக் கொடுத்தாள். மூன்று இரவுகள் வைத்துப் படித்தேன். தொலைபேசியில் பேசினால் இருவரும் கிரியோலுக்குத் தாவி, நன்றாக இருக்கிறது என்ற ஒரு சொல்லோடு முடித்துவிடுவோம் என்பதால், கோவில் மாலை வகுப்பில் நான் கற்ற இந்தத் தமிழிலேயே எழுதுகிறேன். எழுத்துக்கூட்டியாவது படித்துவிடு; அவசரம் ஒன்றும் இல்லை.

முதலில் குறையைச் சொல்லிவிடுகிறேன். உன் கதையில் உன் சாப்டர், அதாவது நீ உருவாக்கிய விண்வெளி வீரர்களின் படைப்பிரிவு, ஓரிடத்திலும் தவறு செய்யவில்லை. பதினாறு வயதில் பின்பக்க வராந்தாவில் உட்கார்ந்து வண்ணம் தீட்டியபடி எனக்கு வார்ஹாமரின் கதையைச் சொன்னவன் நீதான். தன்னை எவரும் தெய்வமாக்கக் கூடாது என்று தடை விதித்த பேரரசர், பத்தாயிரம் ஆண்டுகளாகச் சாகவும் பிழைக்கவும் முடியாமல் பொற்சிம்மாசனத்தில் கிடக்க, அவரையே தெய்வமாக்கிக் கோவில் கட்டியவர்கள் அந்தச் சிம்மாசனத்துக்கு நாளொன்றுக்கு ஆயிரம் உயிர்களைப் பலி கொடுக்கிறார்கள் என்று நீ சொன்னபோது, இதை எழுதியவர்களுக்கு மனிதர்களைத் தெரிந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். 1987இல் ரிக் பிரீஸ்ட்லி முதல் விதிநூலை எழுதிய காலத்திலிருந்தே அதில் கேலி கலந்திருந்தது. அந்தக் கேலி பிடிபடாமல் பேரரசையே இலட்சியமாக எடுத்துக்கொண்டவர்கள் இருந்ததால்தான், 2021இல் அந்த விளையாட்டை வெளியிடும் கேம்ஸ் வொர்க்‌ஷாப் நிறுவனமே, அந்தப் பேரரசு பின்பற்றத் தக்கது அல்ல என்று வெளிப்படையாகச் சொல்ல வேண்டியதாயிற்று. அப்படிப்பட்ட உலகத்தில் உன் ஆட்கள் மட்டும், ஏழு கறி விருந்து சாப்பிட்டு வெள்ளை வேட்டியில் ஒரு சொட்டுக் குழம்பும் படாமல் எழுந்தவர்களைப் போல நிற்கிறார்கள்.

அடுத்தது இரண்டாம் படை. பேரரசரின் ஆதிப் பெரும்படைகளான இருபது லீஜியன்களில் பதினெட்டின் பெயர்கள் எல்லோருக்கும் தெரியும். இரண்டாவதும் பதினொன்றாவதும் ஏடுகளிலிருந்து நீக்கப்பட்டவை. அவற்றை நடத்தியவர்கள் யார், என்ன குற்றம் செய்தார்கள் என்பதை அந்த நிறுவனம் இத்தனை ஆண்டுகளாகச் சொல்லாமலே வைத்திருக்கிறது. நீ சொல்லிவிட்டாய். ஒரு கிரகத்து மக்களைக் கொல்ல மறுத்ததால் இரண்டாம் படை அழிக்கப்பட்டது என்றும், தப்பிய சிலரின் வழி வந்தவர்களே உன் சாப்டர் என்றும் ஒன்றரைப் பக்கம் எழுதியிருக்கிறாய். எழுதிய விதம் நன்றாகவே இருக்கிறது, குறிப்பாக அந்தக் கடைசிக் கப்பல் புறப்படும் இடம். ஆனாலும் எட்டிப் பார்க்க ஒரு கிணறு இருந்த இடத்தில் நீ சிமெண்டுத் தரை போட்டுவிட்டாய்.

இதில் நான் பிடிவாதம் பிடிப்பதற்குக் காரணம் உனக்கே தெரியும். மோக்காவில் மகாத்மா காந்தி நிறுவனத்தின் ஆவணக் காப்பகத்துக்கு நாம் மூவரும் போனோம் அல்லவா? கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலியாக வந்த உன் அப்பாவின் கொள்ளுத்தாத்தாவைப் பற்றி அங்கே கிடைத்தது ஒரே ஒரு வரி: எண், கப்பலின் பெயர், வயது, உயரம், இடது புருவத்தின் மேல் ஒரு தழும்பு. ஊர் என்ற கட்டத்தில் எழுத்தர் தம் காதில் விழுந்ததை எழுதியிருந்தார். அப்படி ஓர் ஊரை எந்த வரைபடத்திலும் நம்மால் கண்டுபிடிக்க முடியவில்லை. உன் பெரியப்பா அது தஞ்சாவூர்தான் என்று தீர்மானித்தார். ஏன் என்று கேட்டதற்கு, அங்கே கோவில் பெரியது என்பதைத் தவிர அவரிடம் பதில் இல்லை. இப்போது குடும்பத்தின் சிறு பிள்ளைகள்கூட நாங்கள் தஞ்சாவூர்க்காரர்கள் என்கிறார்கள். தழும்பைப் பற்றி எவரும் பேசுவதில்லை. எனக்கோ, அந்த மனிதரில் மிஞ்சியிருப்பதே அந்தத் தழும்புதான்.

ஆகவே உன் ஆட்களுக்கும் ஒரு தழும்பை மட்டும் கொடு. பிளட் ரேவன்ஸ் என்ற சாப்டருக்குத் தங்கள் மூலம் எது என்று தங்களுக்கே தெரியாது என்று நீ சொல்லியிருக்கிறாய். அதனால்தானே நீயும் உன் நண்பர்களும் அவர்களைப் பற்றி விடிய விடிய வாதாடினீர்கள், நான் நடுநடுவே தேநீர் போட்டுக் கொடுத்தேன்? உன் சாப்டரின் பழைய ஏட்டில் ஒரு பக்கம் கிழிந்திருக்கட்டும். ஆண்டில் ஒரு நாள் மூத்த வீரர்கள் வாய் திறவாமல் இருக்கும் வழக்கம் இருக்கட்டும். காரணம் கேட்கும் இளைஞனுக்கு மூவர் மூன்று பதில் சொல்லட்டும். அவற்றில் ஒன்றாவது அவர்களுக்கே தலைகுனிவாக இருக்கட்டும்.

இனி உருவங்களுக்கு வருகிறேன். (பொம்மை என்று எழுதவில்லை, கவனி.) கப்பல் மாதிரிகள் செய்யும் பட்டறையில் பத்தொன்பது ஆண்டுகள் பாய் தைத்தவள் என்ற முறையில் இதைப் பற்றிப் பேச எனக்குக் கொஞ்சம் உரிமை உண்டு. ஆண்கள் தேக்கிலும் கற்பூர மரத்திலும் கப்பலின் உடலைக் கட்டுவார்கள். பாயும் கயிறும் எங்கள் கைவேலை. தைத்து முடித்த பாய்களைத் தேயிலைச் சாயத்தில் முக்கி எடுத்தால் வெள்ளைத் துணிக்கு நூறு வயது கூடிவிடும். உண்மையைச் சொன்னால் அது விற்பனைக்காகச் சொல்லும் பொய். 1744இல் நம் தீவின் வடகிழக்கே பாறையில் மோதி மூழ்கிய, நாங்கள் மாதிரி செய்த சேன்-ஜெரான் முதுமை காணாத கப்பல். ஆனால் வாங்க வரும் சுற்றுலாப் பயணிக்குப் பழுப்புப் பாய்தான் வேண்டும், கொடுத்தோம். எங்கள் மேசையில் மூத்த அக்கா ஒருவர் மட்டும் அந்தப் பொய்யையும் ஒழுங்காகச் சொல்ல வேண்டும் என்பார். எல்லோரும் ஒரே முக்கில் வேலையை முடித்தால், அவர் உலர்ந்த பாயை மறுபடி எடுத்து, மாலுமி கை பிடித்து இழுக்கும் மூலைகளிலும் சுருட்டிக் கட்டும் மடிப்புகளிலும் மட்டும் கெட்டிச் சாயத்தைத் துணி முனையால் ஒற்றுவார். காற்றும் வெயிலும் வாங்கும் நடுப்பகுதியைத் தொடவே மாட்டார். அவர் செய்த பாயை வரிசையில் எங்கே வைத்தாலும் கண்டுபிடித்துவிடலாம்.

உன் நான்காவது படத்தில் நிற்கும் சார்ஜென்டைப் பார். கவசம் முழுவதும் பஞ்சால் ஒற்றி வெள்ளிப் புள்ளி வைத்திருக்கிறாய். அம்மை போட்ட பிள்ளையைப் போல இருக்கிறான். அவன் எப்படி நிற்கிறான், எந்தக் கையால் சுடுகிறான், எதன்மீது முழந்தாளிடுகிறான் என்று யோசித்துவிட்டுப் பஞ்சை எடு. விரல் முட்டிகள், முழங்காலின் மேடு, துப்பாக்கியின் அடிப்பகுதி உரசும் மார்புத் தகடு, இவை தேயட்டும். அக்குளின் கீழும் கழுத்துக்குப் பின்னும் பழைய பூச்சு புதிதாகவே இருக்கட்டும். சாப்டரின் சின்னம் இடது தோள்கவசத்தில் வருகிறது. அவன் சுடும்போது எதிரியை நோக்கி நிற்பதும் அதே தோள்தான், ஆகவே அதிகம் அடி வாங்குவது சின்னமே. அதைப் போர்க்களத்தில் யாரோ அவசரமாகத் திரும்பத் தீட்டியதாக வைத்துக்கொள். புதிய பூச்சின் விளிம்பு சற்றே விலகி, அடியில் வேறொரு நிறம் மயிரிழை அளவுக்குத் தெரிந்தால், உன் ஒன்றரைப் பக்கமும் அங்கே வந்துவிடும். பார்க்கிறவன்தான் கேட்க வேண்டும், இது என்ன நிறம் என்று. கறுப்பு வாஷையும் (பள்ளங்களில் இறங்கும் நீர்த்த சாயம்) உடல் முழுக்க ஊற்றாதே. மூட்டுகளிலும் தகடுகளின் இணைப்புகளிலும் நுனித் தூரிகையால் ஓடவிட்டு, தேங்கியதை உலர்வதற்கு முன் உறிஞ்சி எடுத்துவிடு.

சின்னத்தில் நீ வரைந்திருப்பது வேல் அல்ல, வெள்ளைக்காரன் ஈட்டி. வேலின் தலை இலையைப் போல அடியில் அகன்று, மேலே போகப் போக ஒடுங்கிக் கூர்மையாகும். கோவிலில் இத்தனை ஆண்டுகள் அதன் எதிரே நின்றிருக்கிறாய், இது உனக்கு மறக்கலாமா?

தளபதியின் முதுகில் காவடி வளைவு வைக்கலாமா என்று கேட்டு, பதிலுக்குக் காத்திராமல் வேறு பேச்சுக்குப் போய்விட்டாய். வைக்கலாம். விரதமிருந்து தைப்பூசத்தன்று காவடி தூக்கிய வீட்டுப் பிள்ளை நீ. உனக்கில்லாத உரிமை யாருக்கு இருக்கிறது? வேடிக்கைக்காகச் செய்தாய் என்று யாரும் சொல்லாதபடி மட்டும் செய். வளைவுக்குப் பித்தளைக் கம்பியை எடுத்து, முதுகுப் பெட்டியில் கைத்துளைப்பானால் இரண்டு துளை போட்டு உள்ளே செருகு. வெறும் பசையை நம்பினால் முதல் ஆட்டத்திலேயே கையோடு வந்துவிடும். தளபதியின் உடல் ரெசின் என்பதை நினைவில் வை. பிளாஸ்டிக் பசை பாலிஸ்டைரீனைக் கரைத்து ஒட்ட வைப்பது. ரெசினில் அது ஒன்றும் செய்யாது, சூப்பர் குளூதான் வேண்டும். ரெசினை ஈரத்தில் வைத்துத் தேய், முகமூடி போட்டுக்கொள். மரத்தூளில் இருமியே ஓய்வு பெற்றவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

பால் செம்புகளுக்கும் எலுமிச்சம்பழங்களுக்கும் கிரீன் ஸ்டஃப் என்ற இருநிறப் பிசையும் களிம்பு போதும். நாடாவில் நீலமும் மஞ்சளும் தொட்டுக்கொண்டிருக்கும் நடுக்கோடு ஏற்கெனவே இறுகியிருக்கும், அதைக் கத்தியால் வெட்டி எறிந்துவிட்டுப் பிசை. இல்லாவிட்டால் செம்பின் வாயில் கட்டி கட்டியாக வரும். கருவியை அடிக்கடி நீரில் தொட்டுக்கொள். பிசைந்ததும் வனையத் தொடங்காமல் சிறிது நேரம் விட்டால் ஒட்டும் தன்மை குறைந்து விளிம்பு கூர்மையாக நிற்கும். பழங்களைத் தொங்கவிட நூல் தேர்ந்தெடுக்கும்போது கணக்குப் பார். 28 மி.மீ. உருவம் என்றால் ஏறக்குறைய அறுபதில் ஒரு பங்கு; அரை மில்லிமீட்டர் நூல் அவன் முதுகில் மூன்று சென்டிமீட்டர் கயிறாகிவிடும், அதில் மாட்டைத்தான் கட்டலாம். எங்கள் பட்டறையில் புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் செய்த தவறு அது.

நீ விட்டுவிட்டுப் போன பெட்டியைத் திறந்து பார்த்தேன். மழை நாளில் வராந்தாவில் பிரைமர் (அடிப்பூச்சு) அடித்து மணல் மணலாகிப்போன ஐந்து பேர் அதில் இருக்கிறார்கள். கியூர்பிப்பில் காற்றே ஈரம், அன்றைக்கும் சொன்னேன். ஆல்கஹாலில் ஊறவைத்துச் சுரண்டலாம் என்று நீ எழுதியிருந்தாலும், செய்யாதே. அந்தச் சொரசொரப்பு நம் கருங்கல்லைப் போலவே இருக்கிறது. அவர்களைச் சிலைகளாக்கிவிடு. சாம்பல் நிறம் ஒன்றைப் பூசி, மேடுகளில் வெளிர் நிறத்தை உலர்ந்த தூரிகையால் தேய்த்து, ஒருவன் கையை முறித்து, ஐவரின் முகத்தையும் தோள் சின்னத்தையும் அரத்தால் மழித்துவிடு. ரோமாபுரியில் தண்டிக்கப்பட்டவர்களின் பெயரைக் கல்வெட்டிலிருந்து இப்படித்தான் செதுக்கி எடுத்தார்கள். உன் தளபதி அந்தச் சிலைகளில் ஒன்றின் காலடியில் நிற்கட்டும். அவன் அதை நிமிர்ந்து பார்க்க வேண்டியதில்லை.

உன் சாப்டரின் தாய்க் கிரகத்தை எரிமலைக் குழம்பு ஓடும் உலகமாக எழுதியிருக்கிறாய். அது எல்லோரிடமும் இருக்கிறது. பேரரசுக்கு விளைச்சலை வரியாகக் கட்டும் வேளாண் உலகங்கள் அந்தக் கதையிலேயே உண்டு. அப்படி ஒரு கரும்பு உலகத்தை யோசித்துப் பார். இங்கே வயலில் பொறுக்கிய எரிமலைக் கற்களைக் கூலிகள் குவித்த மேடுகள் இன்னும் நிற்கின்றன, கரும்பு வெட்டியபின் தொலைவிலிருந்து பார்த்தால் பழைய கோட்டையைப் போல. பீடங்களில் அப்படிக் குவித்துவிட்டு, வீரர்களின் காலிலும் அதே கல்லின் தூசியைப் படியவிடு. ஆயிரம் பேர் சேர்ந்தால் ஒரு சாப்டர் என்கிறாய். ஆறு ஆண்டில் முப்பத்தேழு பேர் முடிந்திருக்கிறார்கள். என் பேரப்பிள்ளைகளுக்கும் வேலை மிச்சம் இருக்கிறது.

ஐந்து பேரையும் பஞ்சில் சுற்றி அனுப்பியிருக்கிறேன். கூடவே பித்தளைக் கம்பி ஒரு சுருள், பட்டறையில் மிஞ்சிய மிக மெல்லிய நூல், கொடிக்கு வேண்டுமென்றால் சாயம் தோய்த்த துணி இரண்டு துண்டு, கழுவிக் காய வைத்து இடித்துச் சலித்த கருங்கல் ஒரு டப்பா. சுங்கச் சீட்டில் கல் என்று எழுதினால் கேள்வி கேட்பார்கள் என்று பயந்து அப்பா எல்லாவற்றையும் சேர்த்துப் பொம்மைப் பாகங்கள் என்று எழுதிவிட்டார். நான் தடுத்தேன், கேட்கவில்லை.

அன்புடன்,
அம்மா