எந்த மண்ணில் இருந்தது?

லெஸ்டர், இங்கிலாந்து
டிசம்பர் 7

அன்புள்ள அம்மாவுக்கு,

நலம். முட்டிவலி எப்படி இருக்கிறது? புது மாத்திரையை விடாமல் சாப்பிடு.

இங்கே நாலு மணிக்கெல்லாம் இருட்டிவிடுகிறது. "ஏன் மிஸ்?" என்று வகுப்பில் கேட்டார்கள். உலக உருண்டையைச் சாய்த்துப் பிடித்து டார்ச் அடித்துக் காட்டினேன். நிலநடுக்கோட்டுக்கு வடக்கே வேலூர் ஏறக்குறைய 13 டிகிரியில், லெஸ்டர் 52 தாண்டி. டிசம்பரில்கூட உனக்குப் பதினோரு மணி நேரத்துக்கு மேல் பகல், எனக்கு ஏழரைதான். வேலூரில் நம் சத்துவாச்சாரி எங்கே என்று ஒரு பெண் விரலால் தேடியபோது தொண்டை அடைத்தது.

இந்தப் பருவத்தில் கற்காலம் நடத்துகிறேன். ஒரு பிளாஸ்டிக் பெட்டியில் அடியில் மணல், நடுவில் கரிய மண், மேலே தோட்டத்து மண். பெல்கிரேவ் சாலைக் கடையில் வாங்கிய அகல் விளக்கை உடைத்து அடியில் புதைத்தேன். நடுவில் பழைய காசு, மேலே பாட்டில் மூடி. குச்சியும் தூரிகையும் கொடுத்து, மெதுவாக எடுங்கள், எந்த அடுக்கில் கிடைத்தது என்று முதலில் எழுதுங்கள் என்றேன். எட்டு வயசுப் பையன் ஒருவன் ஆர்வத்தில் கையை விட்டு அகல் துண்டைப் பிடுங்கிக்கொண்டு ஓடி வந்தான். "எந்த மண்ணில் இருந்தது?" என்றேன். திரும்பிப் பார்த்தான், குழி சரிந்து மூன்று மண்ணும் கலந்துவிட்டது. அவன் முகம் வாடிப் போனது. அன்றைக்கு அவனிடம்தான் மற்றவர்கள் பாடம் படித்தார்கள் என்று நினைக்கிறேன்.

ஒரு பொருள் கிடைத்த இடம் எவ்வளவு முக்கியம் என்பதற்கு இந்த ஊரிலேயே சாட்சி உண்டு. 1485இல் போரில் இறந்த மூன்றாம் ரிச்சர்ட் மன்னரை 2012இல் ஒரு கார் நிறுத்துமிடத்தின் அடியில் கண்டெடுத்தார்கள். இடிந்துபோன ஒரு மடத்துக் கோயிலுக்குள் துறவிகள் நின்று பாடும் பகுதியில் எலும்புகள் கிடந்தன. அவரைப் புதைத்ததாகப் பழைய ஏடுகள் சொன்ன இடமும் அதுதான். மரபணுச் சோதனையெல்லாம் அதற்குப் பிறகு.

பாடம் தயார் செய்யும்போது உன் ஊர்ப்பக்கத்துப் பையம்பள்ளி கண்ணில் பட்டது. 1960களில் மத்தியத் தொல்லியல் துறை அங்கே தோண்டி, குழி வீடுகள், கற்கோடரிகள், கருகிய கொள்ளு, பச்சைப்பயறெல்லாம் எடுத்திருக்கிறது. கற்காலத்தில் கொள்ளு! நீ மழைநாளில் வைக்கும் ரசம் நினைவுக்கு வந்து, அந்தப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டேன்.

தாத்தாவின் மேட்டுக் கொல்லையில் ஏர் ஓட்டும்போது உள்ளே கறுப்பும் வெளியே சிவப்புமாக ஓடு கிளம்பும் என்பாயே. நீங்கள் அதைத் தேய்த்துச் சில்லு செய்து பாண்டி ஆடினீர்களே. கீழடியிலும் அப்படி வட்டமாகத் தேய்த்த சில்லுகள் கிடைத்திருக்கின்றன, அம்மா.

பொங்கலுக்கு மாமா வீட்டுக்குப் போவாய் அல்லவா? தம்பியையும் கொல்லைக்கு அழைத்துப் போ. ஓடு எதையும் எடுக்க வேண்டாம், எனக்கு அனுப்பவும் வேண்டாம். கிடக்கிற இடத்திலேயே பக்கத்தில் ஒரு அடிக்கோல் வைத்துப் படம் எடுக்கச் சொல். கிணற்றிலிருந்து எத்தனை அடி, எந்த வரப்பு ஓரம் என்று நீயே உன் கையால் எழுதி அனுப்பு. அந்தத் தாளை வகுப்பில் ஒட்டப்போகிறேன்.

அப்பாவிடம் ஞாயிற்றுக்கிழமை பேசுகிறேன் என்று சொல்.

உன் மகள்