டியூக் எலிங்டனுக்கு 1965இல் மறுக்கப்பட்டது: புலிட்சர் பரிசு வாரியத்துக்கு ஒரு திறந்த மடல்

பெருமதிப்புக்குரிய வாரிய உறுப்பினர்களுக்கு,

வணக்கம். 1965ஆம் ஆண்டில் உங்கள் இசைத்துறை நடுவர் குழு, அவ்வாண்டுப் பரிசுக்குத் தகுந்த தனிப்படைப்பு எதுவும் அமையவில்லை என்று முடிவுசெய்து, ஜாஸ் இசையமைப்பாளரும் இசைக்குழுத் தலைவருமான டியூக் எலிங்டனின் வாழ்நாள் இசைப்பணி முழுவதற்குமாக ஒரு சிறப்புப் பாராட்டு வழங்கும்படி பரிந்துரைத்தது. வாரியம் அதை ஏற்கவில்லை. மூன்று நடுவர்களில் வின்த்ராப் சார்ஜன்ட், ரொனால்ட் ஐயர் ஆகிய இருவரும் பதவி விலகினார்கள். அந்த ஆண்டு இசைக்கு எந்தப் பரிசும் வழங்கப்படவில்லை. வெற்றாக விடப்பட்ட அந்த ஆண்டுக்கு நேரே, நடுவர்கள் எழுதிக்கொடுத்த பெயரை நீங்கள் இப்போது பதிவுசெய்ய வேண்டும் என்று கேட்டுக்கொள்ளவே இம்மடலை எழுதுகிறேன்.

1999இல் எலிங்டனின் நூற்றாண்டையொட்டி அவருக்கு நீங்கள் சிறப்புப் பாராட்டு அளித்ததை நான் அறிவேன். அதை மதிக்கவும் செய்கிறேன். ஆயினும் அது அவர் இறந்து 25 ஆண்டுகளுக்குப் பிறகு, ஒரு பிறந்தநாளை முன்னிட்டுத் தரப்பட்ட மரியாதை. உயிரோடிருந்த கலைஞருக்கு, தகுதி பெற்ற நடுவர்கள் பரிந்துரைத்த கௌரவம் தடுக்கப்பட்டது என்ற செய்தியை அது தொடவில்லை.

அன்றைய வாரியத்தின் மனத்தில் என்ன இருந்தது என்பதை நான் ஊகிக்கத்தான் முடியும். எலிங்டனின் ஜாஸ் இசை நடனக்கூடத்தில் வளர்ந்தது, கோடிக்கணக்கானோர் ரசித்தது, பணம் ஈட்டியது. ஆகவே கலை என்ற வரிசையில் அதை அமர்த்துவதற்கு அவர்கள் தயங்கியிருப்பார்கள் என்பது என் கணிப்பு. அப்படியானால், எலிங்டன் என்ற ஒருவரோடு சேர்த்து, பெரிய இசைக்குழுக்கள் நடனத்துக்காக வாசித்த ஜாஸ் வகையான ஸ்விங்கின் காலம் முழுவதையுமே அவர்கள் ஒதுக்கிவைத்தார்கள் என்று கொள்ள வேண்டியிருக்கிறது.

அந்தக் காலத்தின் தொடக்கத்தை, 1935 ஆகஸ்ட் 21 அன்று லாஸ் ஏஞ்சலிஸின் பாலோமார் நடனக்கூடத்தில் வெள்ளையினக் கிளாரினெட் கலைஞர் பென்னி குட்மனின் குழு வாசித்த இரவிலிருந்து கணக்கிடுவது வழக்கம். அன்று இளைஞர்களை மேடையருகே இழுத்த இசையமைப்புகளில் முக்கியமானவை, தம் சொந்தக் குழுவைத் தொடர்ந்து நடத்த முடியாமல் நலிந்திருந்த கறுப்பினக் கலைஞர் ஃபிளெட்சர் ஹென்டர்சன் எழுதியவை. ‘ஸ்விங்கின் அரசர்’ என்ற பட்டம் மட்டும் குட்மனைச் சென்றடைந்தது. அடுத்த பத்தாண்டுகளுக்கு வானொலியிலும், காசு போட்டால் பாடும் ஜூக்பாக்ஸிலும், திரைப்படங்களிலும், போர்க்காலப் படைமுகாம்களிலும் அமெரிக்கா கேட்ட வெகுசன இசை இதுவே. நியூயார்க்கில் கறுப்பின மக்கள் மிகுதியாக வாழ்ந்த ஹார்லெம் பகுதியின் சவாய் நடனக்கூடத்தில் வெள்ளையரும் கறுப்பரும் ஒரே தளத்தில் ஆடினார்கள். அதே ஹார்லெமில், 1927 டிசம்பர் முதல் எலிங்டன் வாசித்த காட்டன் கிளப்பில், மேடையில் இருந்தவர்கள் கறுப்பர்கள், வாடிக்கையாளர்களாக அனுமதிக்கப்பட்டவர்களோ வெள்ளையர்கள். அங்கிருந்து ஒலிபரப்பான நிகழ்ச்சிகள்தாம் அவர் பெயரை நாடெங்கும் கொண்டுசென்றன. ஸ்விங் என்ற சொல்லைப் பாட்டின் தலைப்பிலேயே வைத்து 1932இல் அவர் இசைத்தட்டு வெளியிட்டபோது, பாலோமார் இரவுக்கு இன்னும் மூன்றாண்டுகள் இருந்தன.

வெகுசன இசை என்பதாலேயே அதில் நுட்பம் குறைவு என்று எண்ணுபவர்கள், 1930இல் பதிவான ‘மூட் இண்டிகோ’வின் முதல் சில விநாடிகளையாவது கவனித்துக் கேட்க வேண்டும். கிளாரினெட் மேலே, ட்ரம்பெட் நடுவே, ட்ராம்போன் கீழே என்பது நியூ ஆர்லியன்ஸ் ஜாஸில் பழகிப்போன அடுக்கு. எலிங்டன் கிளாரினெட்டைக் கீழே இறக்கி, அடைப்பு வைத்த ட்ரம்பெட்டையும் ட்ராம்போனையும் அதற்கு மேலே நெருக்கி வைத்தார். எந்தக் கருவி ஒலிக்கிறது என்று பிரித்தறிய முடியாத, மங்கலும் வெதுவெதுப்பும் கலந்த ஒரு புது நாதம் அதிலிருந்து எழுகிறது. ஒரு பக்கத்துக்கு ஏறக்குறைய மூன்று நிமிடமே கொள்ளும் இசைத்தட்டுக்காக எழுதப்பட்டது அது. 1940இல் வந்த ‘கன்செர்ட்டோ ஃபார் கூட்டி’ அதே எல்லைக்குள், கூட்டி வில்லியம்ஸ் என்ற ஒரே ட்ரம்பெட் கலைஞரின் அடைத்த ஒலி, உறுமும் ஒலி, திறந்த ஒலி அனைத்தையும் வரிசையாக எழுப்பிக் காட்டுகிறது.

தலைப்பில் கலைஞரின் பெயர் நிற்பது தற்செயல் அன்று. எலிங்டன் தம் இசைக்குறிப்புத் தாள்களில் கருவியின் பெயருக்குப் பதிலாக அதை வாசிக்கப் போகிறவரின் பெயரையே எழுதுவது வழக்கம். ஜானி ஹாட்ஜஸின் ஆல்ட்டோ சாக்ஸஃபோனுக்கு எழுதியது வேறொருவரின் ஆல்ட்டோவுக்குப் பொருந்தாது என்பதை அவர் அறிந்திருந்தார். 1927இல் சேர்ந்த சாக்ஸஃபோன் கலைஞர் ஹாரி கார்னி, 1974இல் எலிங்டன் இறக்கும்வரை அவருடனேயே இருந்தார். ஒரு குழுவை இவ்வளவு காலம் கலையாமல் வைத்திருக்க, நடன இரவுகளின் வருமானமும் பாடல்களின் உரிமைத்தொகையும் தேவைப்பட்டன. அவருடைய கலையைத் தாங்கி நின்றதே அந்த வெகுசனச் சந்தைதான். அதையே அவருக்கு எதிரான வாதமாக ஆக்கியது எனக்கு மிகுந்த வேதனை தருகிறது.

நீண்ட வடிவங்களை அவர் நாடவில்லை என்றும் சொல்ல முடியாது. 1935இல், தாய் இறந்த துயரில், இசைத்தட்டின் நான்கு பக்கங்களை நிரப்பும் ‘ரெமினிசிங் இன் டெம்போ’வை எழுதினார். 1943 ஜனவரி 23 அன்று, அமெரிக்கக் கறுப்பின மக்களின் வரலாற்றைச் சொல்லும் ‘பிளாக், பிரவுன் அண்ட் பேய்ஜ்’ கார்னகி அரங்கில் அரங்கேறியது. முக்கால் மணி நேரம் நீளும் படைப்பு. ஜாஸ் ஆர்வலர்கள் சிலர் நடனத்தைக் கைவிட்டுவிட்டார் என்றார்கள். செவ்வியல் விமர்சகர்கள் கட்டுக்கோப்பு இல்லை என்றார்கள். நீங்கள் இசைக்குப் பரிசு வழங்கத் தொடங்கியதும் அதே 1943இல்தான்.

இம்மடலைத் தமிழில் எழுதுவதற்கும் ஒரு காரணம் உண்டு. 1963இல் அமெரிக்க வெளியுறவுத் துறை தன் நாட்டுப் பண்பாட்டின் தூதராக எலிங்டனையும் அவர் குழுவையும் ஆசிய நாடுகளுக்கு அனுப்பியது. சென்னைக்கும் கொழும்புக்கும் அவர்கள் வந்து வாசித்தார்கள். உலகின் முன்னால் அமெரிக்கா தன் முகமாக நிறுத்திய கலைஞருக்கு, இரண்டே ஆண்டுகள் கழித்து அந்நாட்டிலேயே ஒரு பாராட்டுப் பத்திரம் மறுக்கப்பட்டது. 66 வயதான எலிங்டன், தாம் இளம் வயதிலேயே மிகவும் புகழ்பெற்றுவிடக் கூடாது என்று விதி தம்மிடம் கருணை காட்டுகிறது என்று புன்னகையோடு சொன்னார். ஆனால் பின்னர், தம் வகை இசைக்குத் தாய்நாட்டில் அதிகாரபூர்வ மரியாதை கிடைக்காததில் வியப்பில்லை என்றும், ஐரோப்பிய இசை மட்டுமே மதிப்புக்குரியது என்று பெரும்பாலான அமெரிக்கர்கள் எண்ணுகிறார்கள் என்றும் வெளிப்படையாகவே கூறினார். அதே ஆண்டு செப்டம்பரில் சான் பிரான்சிஸ்கோவின் கிரேஸ் பேராலயத்தில் தம் முதல் புனித இசைக் கச்சேரியை நிகழ்த்தினார்.

அதன்பின் உங்கள் வாரியம் வெகுதூரம் வந்திருக்கிறது. 1997இல் விண்டன் மார்சாலிஸின் ஜாஸ் படைப்புக்குப் பரிசு கிடைத்தது. 2004இல் எழுதப்பட்ட இசைப்பிரதி கட்டாயம் என்ற விதி தளர்ந்தது. 2018இல் கென்ட்ரிக் லாமாரின் ராப் இசைத்தொகுப்பு பரிசு பெற்றது. இன்றைய உங்கள் அளவுகோலின்படி 1965ஆம் ஆண்டு நடுவர்கள் சொன்னது சரி என்று நீங்களே பல முறை ஒப்புக்கொண்டுவிட்டீர்கள். ஆகவே, எவருடைய பரிசையும் பறிக்காமலும் எந்த விதியையும் மீறாமலும் செய்யக்கூடியதைத்தான் கேட்கிறேன். 1965ஆம் ஆண்டின் சிறப்புப் பாராட்டாக எட்வர்ட் கென்னடி எலிங்டன் என்ற டியூக் எலிங்டனின் பெயரை அந்த ஆண்டுக்கு உரியதாகவே பதிவுசெய்யுங்கள். நடுவர்களின் பரிந்துரையை முழுமையாக அதனுடன் சேர்த்து வெளியிடுங்கள். வாரியம் அதை நிராகரித்ததையும், இருவர் விலகியதையும் அக்குறிப்பில் மறைக்காமல் எழுதுங்கள்.

இப்படிக்கு,
மிகுந்த மரியாதையுடன்,
ஸ்விங் இசையைத் தொடர்ந்து கேட்டுவரும் ஒரு தமிழ் வாசகர்