பழைய நோட்டுகளை ஏன் அனுப்பவில்லை

மான்செஸ்டர்,
டிசம்பர் 14

அன்புள்ள தங்கைக்கு,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவின் முழங்கால் வலி குறைந்திருப்பதையும், நீ ஹவுஸ் சர்ஜன் பணியின் கடைசி மாதத்துக்கு வந்துவிட்டதையும் அறிந்து மகிழ்ந்தேன். இங்கே இந்த மாதத்தில் மாலை 4 மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடுகிறது. வார்டுக்குப் போகும்போதும் இருட்டு, திரும்பும்போதும் இருட்டு என்பதால் வெயிலைப் பார்த்து மூன்று நாளாகிறது.

வெளிநாட்டில் படித்த மருத்துவர்கள் பிரிட்டனில் பணிபுரிய எழுதும் இரண்டு பகுதித் தேர்வான பிளாப் தேர்வுக்கு நான் படித்த நோட்டுகளை எல்லாம் ஊருக்கு வருகிறவர் யாரிடமாவது கொடுத்தனுப்பும்படி கேட்டிருக்கிறாய். நான் அனுப்பப் போவதில்லை. அக்கா இப்படிச் சொல்கிறாளே என்று வருந்தாதே, காரணத்தைக் கேள்.

சென்னையில் முதல் பகுதியை எழுதி நான் தோற்ற சமயத்தில் என் மேசை எப்படி இருந்தது என்பது உனக்கு நினைவிருக்கும். நீட் பி.ஜி.க்காக வாங்கிய தடித்த புத்தகங்கள், சீனியர்களிடம் வாங்கி ஜெராக்ஸ் எடுத்து ஸ்பைரல் போட்ட நோட்டுகள், போதாததற்கு டெலிகிராமில் வந்து குவிந்த பி.டி.எஃப். கோப்புகள். அந்த ஸ்பைரல் நோட்டு ஒன்றில், பாராசிட்டமாலை அளவுக்கு மீறி விழுங்கியவருக்கு எப்போது முறிமருந்து கொடுப்பது என்பதற்கான வரைபடத்தில் இரண்டு கோடுகள் இருந்தன. மேல்கோடு பொதுவானவர்களுக்கு, கீழ்க்கோடு ஈரல் பாதிப்புக்கு அதிக வாய்ப்புள்ளவர்களுக்கு. அந்த இரண்டையும் சிவப்பு மையால் மேலும் அழுத்தி வரைந்து மனப்பாடம் செய்தேன். பிரிட்டனில் 2012-லேயே மேல்கோட்டை நீக்கிவிட்டு, விழுங்கிய 4 மணி நேரத்தில் ரத்தத்தில் லிட்டருக்கு 100 மில்லிகிராம் என்ற இடத்தில் தொடங்கும் ஒரே கோட்டை எல்லோருக்கும் வைத்துவிட்டார்கள் என்பது தோற்ற பிறகுதான் எனக்குத் தெரிந்தது. என்றைக்கோ எவரோ எழுதிய பக்கத்தை ஒவ்வொரு பேட்ச்சும் அடுத்த பேட்ச்சுக்கு அன்போடு கொடுத்து வந்திருக்கிறது. நானும் உனக்கு அதையே செய்ய விரும்பவில்லை. நான் தேறியபோது சரியாக இருந்த என் சொந்தக் குறிப்புகளிலும் இன்றைக்கு எது மாறியிருக்கிறது என்று ஒவ்வொன்றாகச் சரிபார்க்காமல் உன் கையில் கொடுக்க எனக்கு மனமில்லை.

முதல் பகுதியில் 3 மணி நேரத்தில் 180 கேள்விகள். ஒரு கேள்விக்கு ஒரு நிமிடம். நீட் பி.ஜி.க்குப் படித்த பழக்கத்தில், அரிய நோய்களின் பெயர்களையும் என்சைம்களையும் தேடிப் போகாதே. இங்கே பட்டம் பெற்று ஓராண்டுப் பயிற்சியை முடித்த மருத்துவருக்கு என்ன தெரிந்திருக்க வேண்டுமோ அதைத்தான் கேட்கிறார்கள்: இந்த நோயாளி உன் முன்னால் உட்கார்ந்திருக்கிறார், அடுத்து என்ன செய்வாய்? 48 வயதுக்காரருக்கு ரத்த அழுத்தம் என்று கேள்வி வந்தால், ஓ.பி.யில் எழுதி எழுதிப் பழகிய கை தானாக அம்லோடிபினுக்குப் போகும். இங்கே சிகிச்சை நெறிமுறைகளை வகுக்கும் 'நைஸ்' அமைப்பின்படி, 55 வயதுக்குக் குறைந்தவர் ஆப்பிரிக்க, கரீபிய வழிவந்த கறுப்பினத்தவராக இல்லாவிட்டால் ராமிப்ரில் போன்ற ஏ.சி.இ. தடுப்பானோ ஏ.ஆர்.பி. மருந்தோதான் முதலில், சர்க்கரை நோயும் இருந்தால் வயதைப் பார்க்கவே வேண்டாம். அப்படிப் பல கேள்விகளை நான் தவறவிட்டேன்.

ஆகவே நீ வாங்க வேண்டியது ஒரே ஒரு கேள்வி வங்கி. பிளாபபிள், பாஸ்மெடிசின் இரண்டையும் இங்கே பலர் பயன்படுத்துகிறார்கள். ஒன்றை எடு, இரண்டையும் எடுக்காதே. முதல் சுற்றில் மதிப்பெண்ணைப் பற்றிக் கவலைப்படாமல், தவறான விடைகள் ஏன் தவறு என்பதை உன் கையால் எழுது. ஐயம் வரும் இடத்தில் நைஸ் நெறிமுறையையே திறந்து பார். அதற்குக் காசு இல்லை. இங்கே மருத்துவர்களைப் பதிவுசெய்யும் ஜெனரல் மெடிக்கல் கவுன்சில் வெளியிட்டிருக்கும் பாடப்பட்டியலும் இலவசம்தான். 2024 முதல் பிளாப் தேர்வு இந்நாட்டு மாணவர்கள் எழுதும் தேர்வின் பாடப்பட்டியலையே பின்பற்றுவதால், ஒரு புத்தகத்தை வாங்குவதா வேண்டாமா என்று தயங்கும்போது அந்தப் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்த்தாலே போதும்.

மருத்துவர் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று அந்தக் கவுன்சில் சொல்லும் 'குட் மெடிக்கல் பிராக்டிஸ்' என்ற வழிகாட்டியைக் கடைசி வாரத்துக்குத் தள்ளிவைக்காதே. இரண்டாம் பகுதிக்காக இங்கே வந்த பிறகு, நகர மத்திய நூலகத்தின் வட்ட வடிவ வாசிப்பறையில்தான் அதை முழுதாகப் படித்தேன். பேனா கீழே விழுந்தால்கூட அந்தச் சத்தம் குவிமாடம் வரை போய்த் திரும்பும் அறை அது. வலிப்பு வந்தவர் வண்டி ஓட்டலாமா, அதை உரிம அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டியவர் யார், பதினைந்து வயதுப் பெண் தனியே வந்து சிகிச்சை கேட்டால் என்ன செய்வது என்பவற்றை மருந்துகளின் அளவைப் படிப்பது போலவே படிக்க வேண்டும்.

இரண்டாம் பகுதி மான்செஸ்டரில் மட்டுமே நடக்கிறது. பெரும்பாலும் நோயாளியாக நடிப்பவர்களோடு 16 காட்சிகள், ஒவ்வொன்றுக்கும் 8 நிமிடம். அதற்காகப் பெருந்தொகை கட்டிச் சேர்ந்த ஒரு பயிற்சி வகுப்பில் நாற்பது பேருக்கு நடுவே இரண்டே முறைதான் எனக்குப் பேச வாய்ப்புக் கிடைத்தது. எனக்கு உண்மையில் கற்றுக்கொடுத்தது இந்நகரின் ரஷோம் பகுதியில் நாங்கள் ஐந்து மருத்துவர்கள் வாடகைக்கு இருந்த வீட்டின் சமையலறைதான். ஓர் இரவு, புற்றுநோய் உறுதியான தாயின் மகளாக ஒரு நைஜீரிய மருத்துவர் நடித்து, "அம்மாவிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள்" என்றார். சரி என்று உடனே தலையாட்டிவிட்டேன். அவர் கடிகாரத்தை நிறுத்திவிட்டு, "உன் நோயாளி யார்?" என்று கேட்டார். எனக்கு நம் ஆச்சி நினைவுக்கு வந்தார். கடைசி வரை வயிற்றுப்புண் என்றுதானே சொன்னோம்? அன்பினால்தான் மறைத்தோம், ஆனால் தனக்கு என்னவென்று அறிந்துகொள்ள விருப்பமா என்று நம்மில் ஒருவரும் அவரைக் கேட்கவில்லை. அன்று இரவு மறுபடியும் அதே காட்சியை நான்கு முறை நடித்துப் பார்த்தோம். இப்போது வார்டில் குடும்பத்தார் என்னைத் தனியே அழைத்துப் பேசும்போதெல்லாம் அந்தக் கேள்விதான் முதலில் மனதில் எழுகிறது.

அப்பாவிடம் சொல்லிவிடு: புத்தகச் செலவுக்கென்று ஒதுக்கியதில் கேள்வி வங்கிக்கு மட்டும் கொடுத்தால் போதும், தேர்வுக் கட்டணத்தை நான் அனுப்புகிறேன். அந்த ஸ்பைரல் நோட்டுகள் இன்னும் மாடி அலமாரியில் இருந்தால் எடைக்குப் போட்டுவிடு. முதல் 50 கேள்விகளை முடித்து, தவறியவற்றை எழுதி வை. வரும் ஞாயிறு உனக்கு மாலை 5 மணிக்கு அழைக்கிறேன். நெஞ்சுவலியோடு வந்த நோயாளியாக நான் பேசுவேன், நீதான் மருத்துவர். அம்மாவைப் பக்கத்தில் உட்காரவைத்து 8 நிமிடம் கணக்குப் பார்க்கச் சொல்.

அன்புடன்,
அக்கா