வெள்ளக் கணிப்பில் ‘99 சதவீதம் சரி’ என்றால் போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வடகிழக்குப் பருவமழை நெருங்கும்போதெல்லாம் தாமிரபரணிக் கரையில் ஒரு பேச்சு எழுகிறது. பழைய மழைக் கணக்கையும் அணை நீர்மட்டக் கணக்கையும் கணினியில் போட்டு அலசினால் அடுத்த பெருவெள்ளத்தை முன்கூட்டியே கண்டுகொள்ளலாம் என்பார்கள். கண்டுகொள்ளலாம்தான். ஆனால் தரவு அகழ்வு எனப்படும் இந்த டேட்டா மைனிங் வேலையில், அன்றாடம் நடப்பதைக் கணிக்கும் முறை வேறு, முப்பது ஆண்டில் நாலைந்து தடவை நடப்பதைக் கணிக்கும் முறை வேறு. இரண்டையும் ஒன்றாக நினைத்துச் செய்த கணிப்புக் கருவி, அதாவது கணினி நிரல், தேவைப்படும் நாளில் வாய் திறக்காது.

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை 92 நாள்கள். 30 ஆண்டுக்கு 2,760 நாள்கள். இவற்றில் 6 நாள்தான் வெள்ள நாள் என்று வைத்துக்கொள்வோம். தினமும் ‘இன்று வெள்ளம் வராது’ என்று மட்டுமே சொல்லும் கருவி 2,754 நாள் சரியாகச் சொல்லியிருக்கும். அதாவது 99.8 சதவீதம் சரி, பிடித்த வெள்ளம் பூஜ்யம். இன்னொரு கருவி 50 நாள் எச்சரிக்கிறது. அதில் 5 உண்மை, 45 வீண், ஒரு வெள்ளத்தைத் தவறவிடுகிறது. இதன் மதிப்பெண் 98.3 சதவீதம். முதல் கருவியைவிடக் குறைவுதான். ஆனால் ஆறில் ஐந்தைப் பிடித்துவிட்டது. வீண் எச்சரிக்கை ஆண்டுக்கு ஒன்றரை. கரையோரத்தில் குடியிருப்பவருக்கு எது வேண்டும் என்று சொல்லத் தேவையில்லை. எனவே கருவி விற்க வருகிறவரிடம் எத்தனை சதவீதம் சரி என்று கேட்பதில் பயனில்லை. வந்த வெள்ளங்களில் எத்தனையைப் பிடித்தது, கொடுத்த எச்சரிக்கையில் எத்தனை பலித்தது, எத்தனை மணி நேரம் முன்னால் சொன்னது, இந்த மூன்றையும் தனித்தனியே கேட்க வேண்டும்.

பெரும்பாலான தவறு கணினிக்கு வருமுன்பே, பதிவேட்டிலேயே நடந்துவிடுகிறது. 2023 டிசம்பர் 18 காலை 8.30 மணியோடு முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 செ.மீ., திருச்செந்தூரில் 69 செ.மீ. மழை பதிவானது. தரவைச் சுத்தம் செய்யும் வழக்கமான விதி, சராசரியிலிருந்து வெகுதூரம் விலகிய எண்ணைப் பிழை என்று நீக்கிவிடும். அந்த விதியை அப்படியே ஓட்டினால் முதலில் காணாமல் போவது இந்த 95தான். எந்த நாளைத் தேடுகிறோமோ அந்த நாளையே குப்பையில் போட்ட கதையாகிவிடும். ஆதிச்சநல்லூர் அகழாய்வில் மண்ணைச் சலித்துச் சலித்துத்தான் அள்ளினார்கள். நம் பதிவேட்டுக்கும் அந்தப் பொறுமை வேண்டும். பெரிய எண் ஒன்று கண்ணில் பட்டால் பக்கத்து நிலையங்களைப் பார்க்க வேண்டும். அங்கேயும் கொட்டியிருந்தால் எண் உண்மை. சுற்றிலும் தூறல்கூட இல்லையென்றால் 9.5 என்பது 95 ஆகியிருக்கலாம், மில்லிமீட்டர் சென்டிமீட்டராகியிருக்கலாம்.

இதற்கு நேர்மாறான பிழையும் உண்டு, ஆபத்தும் அதில்தான் கூடுதல். 200 சதுர செ.மீ. வாய் கொண்ட மழைமானியில் 4 லிட்டர் பாட்டில் வைத்தால் 20 செ.மீ. மழைக்கே அது நிறைந்துவிடும். இடையில் யாரும் போய் அளந்து ஊற்றாவிட்டால் மிச்ச மழை வழிந்தோடும்; ஏட்டில் 20 என்றே விழும். ரோடு துண்டிக்கப்பட்டு அளக்கவே போக முடியாத நாளில் கட்டம் காலியாக இருக்கும். கணினியில் ஏற்றும்போது அந்தக் காலிக் கட்டம் 0 ஆகிவிடுகிறது. மிகப் பெரிய மழை பெய்த நாளே மழையில்லாத நாளாகக் கணக்கில் ஏறுகிறது. விடுமுறையில் அளக்காமல் விட்டு மறுநாள் அளவோடு சேர்த்து எழுதுவதும் இப்படித்தான்: இரண்டு நாள் மழை ஒரே நாளில் தெரியும். காலியைக் காலி என்றும், சேர்த்து எழுதியதைச் சேர்த்தது என்றும் குறிக்க ஒரு தனிக் கட்டம் போதும்.

தேதியிலும் சிக்கல் இருக்கிறது. காலை 8.30க்கு எடுக்கும் மழையளவு அன்றைய தேதியில் எழுதப்படுகிறது. பெய்ததோ பெரும்பாலும் முந்தைய நாள். ஆற்றில் போகும் கனஅடிக் கணக்கை வேறொரு நேரத்தில் எடுத்திருப்பார்கள். இரண்டு கோப்புகளையும் தேதியை மட்டும் பார்த்து ஒட்டினால், நாளைக்குத் தெரியவேண்டிய மழையளவு இன்றைய கணிப்புக்குள் நுழைந்துவிடும். பழைய தரவில் பிரமாதமாகத் தெரியும் கருவி, நிஜ மழையில் தடுமாற இதுவும் ஒரு முக்கியக் காரணம்.

இப்படி விடை முன்கூட்டியே கசிவது சோதித்துப் பார்க்கும் முறையிலும் நடக்கும். பழைய தரவில் ஒரு பகுதியைக் கருவிக்குக் கற்பிக்கவும், மறுபகுதியை அதற்குத் தேர்வு வைக்கவும் பிரிப்பார்கள். நாள்களைச் சீட்டுக் குலுக்குவதுபோல் கலைத்துப் பிரித்தால் டிசம்பர் 17 கற்கும் பக்கமும் 18 தேர்வுப் பக்கமும் போய்விடும். இரண்டும் ஒரே வெள்ளம்; விடையைக் காட்டிவிட்டுக் கேள்வி கேட்பதாகும். ஓர் ஆண்டை முழுதாக மறைத்து வைத்து, மற்ற ஆண்டுகளைக் கொண்டு கற்பித்து, மறைத்த ஆண்டில் சோதிக்க வேண்டும். வெள்ள நாள் குறைவு என்று அவற்றை நகலெடுத்துப் பெருக்குவோரும் உண்டு. அதைப் பிரித்த பிறகு, கற்கும் பக்கத்தில் மட்டுமே செய்யலாம். செய்தால், வெள்ளம் வர இத்தனை சதவீதம் வாய்ப்பு என்று கருவி சொல்லும் அளவு ஊதிப்போகும். அதைத் திரும்ப உண்மை விகிதத்துக்குக் கொண்டுவர வேண்டும். பெருக்குவதைவிட, வெள்ள நாளைத் தவறவிட்டால் தண்டனை அதிகம் என்று எடை கொடுப்பது எளிது.

எவ்வளவு செய்தாலும், தரவில் இல்லாததைக் கருவி அறியாது. 1992 நவம்பர் பெருவெள்ளத்தின்போது கொட்டியது மணிமுத்தாறு மலைப்பக்கம். 2023இல் கடலோரத்திலும் சமவெளியிலும், அதாவது பாபநாசம், மணிமுத்தாறு அணைகளுக்குக் கீழேயும் பெருமழை பெய்தது. அணைக் கணக்கை மட்டும் படித்த கருவி 1992ஐப் பிடித்தாலும் 2023இன் முழு அளவைக் கோட்டைவிடக்கூடும். மலைமேல் உள்ள ஊத்து, நாலுமுக்கு, காக்காச்சி மழையோடு கீழே ஸ்ரீவைகுண்டம், திருச்செந்தூர் மழையும், தாமிரபரணியில் சேரும் சிற்றாற்றின் வரத்தும், எந்தக் குளம் எந்தத் தேதியில் நிரம்பி மறுகால் பாய்ந்தது என்ற விவரமும் சேர வேண்டும். மேல்குளம் மறுகால் போகும் நேரம் தெரிந்தால் கீழ்க்குளத்துக் கரைக்கு எவ்வளவு நேரம் மிச்சம் என்று சொல்லிவிடலாம். ஆனால் இந்த மறுகால் விவரம் பெரும்பாலும் மடை பார்ப்பவர்களின் நினைவில்தான் இருக்கிறது.

ஆபத்தைப் பார்க்கும் அதே தரவில் வாய்ப்பும் இருக்கிறது. புன்னைக்காயலில் கடலில் சேரும் உபரி நீரை, தாமிரபரணி – கருமேனியாறு – நம்பியாறு இணைப்பின் 75 கி.மீ. வெள்ளநீர்க் கால்வாய் வழியே சாத்தான்குளம், திசையன்விளைப் பக்கத்து வறண்ட தேரிக்காட்டுக்குக் கொண்டுபோகலாம். அப்படி உபரி ஓடும் நாள்களும் அபூர்வம்தான். பாபநாசம் அணை தன் முழு மட்டமான 143 அடியையும் மணிமுத்தாறு அணை 118 அடியையும் நெருங்கும்போது மேலே மழையும் தொடருமா என்பதே கேள்வி. ஆனால் இங்கே எச்சரிக்கைக் கோட்டை வேறு இடத்தில் போட வேண்டும். வெள்ளத்தைத் தவறவிடும் நட்டம் வீண் எச்சரிக்கையைப்போல் 50 மடங்கு என்றால், வாய்ப்பு 51இல் ஒன்று, அதாவது 2 சதவீதம் தாண்டினாலே எச்சரிக்க வேண்டும். உபரி நீருக்கு அப்படியல்ல. வராத உபரியை நம்பி ஷட்டரைத் திறந்தால் பிசானப் பருவ நெல்லுக்கு வேண்டிய தண்ணீர் போய்விடும். அந்த நட்டம், உபரியைக் கடலுக்கு விடும் நட்டத்தைவிட இரு மடங்கு என்றால் 67 சதவீதத்துக்கு மேல் போனால்தான் திறக்க வேண்டும். பலரும் இரண்டுக்கும் 50 சதவீதம் என்று பொதுவாக வைத்துவிடுகிறார்கள். இந்த மடங்கை முடிவு செய்ய வேண்டியவர்கள் விவசாயிகளும் அதிகாரிகளும் கரையோர மக்களும், கணினிக்காரர் அல்ல.

நெல்லை, தென்காசி, தூத்துக்குடி மாவட்ட நிர்வாகங்களுக்கு இரண்டு வேண்டுகோள்கள். எட்டு அணைக்கட்டுகளின் பழைய பதிவேடுகள், மழைமானி ஏடுகள், குளங்கள் மறுகால் பாய்ந்த தேதிகள் ஆகியவற்றை அளந்த நேரத்தோடு ஒரே கோப்பாக்கி யாரும் எடுத்துப் பார்க்கும்படி வெளியிட வேண்டும். பருவமழை முடிந்ததும் கொடுத்த எச்சரிக்கை, பலித்தது, வீணானது, தவறவிட்டது ஆகிய நான்கு எண்களையும் ஒவ்வோர் ஆண்டும் ஜனவரியில் தங்கள் நாளிதழிலேயே அச்சிட்டால் நல்லது.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
பாளையங்கோட்டை