அக்காவுக்கு, அந்த இலைப் பொட்டலம் பற்றி

குவாங்சோ, சீனா

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பொங்கலுக்குப் பிறகு ஒரு வரிகூட எழுதவில்லை என்று திட்டியிருந்தாய், வாங்கிக்கொண்டேன். திட்டுக்கு நடுவே நீ கேட்டிருப்பதுதான் அவசரம். சித்தப்பா மகனிடம் நான் கொடுத்தனுப்பிய ஹனிசக்கிள் இலையும் நம் வாசல் பந்தலில் கிடக்கும் ரங்கூன் மல்லியும் ஒன்றல்ல. மேட்டுவீட்டுப் பெரியம்மா சொன்னார்கள் என்று அதைப் பறித்து அம்மாவுக்குக் கஷாயம் வைத்துவிடாதே. நர்சரிக்காரர்கள் அதையும் சைனா ஹனிசக்கிள் என்று விற்பதால் வந்த குழப்பம் இது. ரங்கூன் மல்லி வெள்ளையாகப் பூத்துச் சிவப்பாகும். நான் அனுப்பியது வெள்ளையாகப் பூத்து மஞ்சளாகும் கொடி. ரங்கூன் மல்லி விதையை இங்கே வயிற்றுப் பூச்சிக்கு மருந்தாகக் கொடுப்பார்கள், அதுவும் எண்ணித்தான். கூடினால் விக்கலும் வாந்தியும் வரும்.

இலை மேல்மாடிக் கிழவியின் கொடியிலிருந்து வந்தது. ஜன்னல் கம்பி முழுக்க அதை ஏற்றிவிட்டிருக்கிறாள். நான் அப்பளம் பொரிக்கும் வாசனை போனால் போதும், கீழே இறங்கி வந்து என் தொண்டையைக் காட்டச் சொல்வாள். நாம் மாம்பழத்தைச் சூடு என்பதுபோல் இவர்களுக்கு லிச்சி சூடு, பொரித்தது எல்லாம் சூடு. அதைத் தணிக்கத் தெருவுக்குத் தெரு மூலிகைத் தேநீர்க் கடை இருக்கிறது. அந்தத் தேநீரை 2006இல் நாட்டின் மரபுச் செல்வப் பட்டியலிலேயே சேர்த்துவிட்டார்கள். கடையில் விற்பது பெரும்பாலும் பூ. விரியாத மொட்டாகக் காலையிலேயே பறித்து உலர்த்தியதுதான் உசத்தி, விரிந்துவிட்டால் விலை போகாது. மொட்டு வெளேரென்று இருந்து புளித்த வாடை அடித்தால் கந்தகப் புகை போட்டது, வாங்கக்கூடாது. பூவை ஜின் யின் ஹுவா என்றும், தண்டை ரென் டோங் டெங் என்றும் கேட்டால் எந்த மருந்துக்கடையிலும் எடுத்துக் கொடுப்பார்கள். இலைக்குக் கடையில் மரியாதை இல்லை, வீட்டு வைத்தியத்தோடு சரி. ஆனால் ஆதியில் இவர்கள் மருந்தாக எடுத்தது தண்டையும் இலையையும்தான். பூவுக்கு மவுசு பின்னால் வந்தது.

பொட்டலத்தில் இலையோடு தண்டுத் துண்டுகளும் இருக்கும், பொறுக்கி எறியாதே. குடிப்பதற்கு ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 10 முதல் 15 கிராம், அதாவது ஒரு சின்னக் கைப்பிடி. தூசி போக ஒருமுறை அலசி, மூன்று டம்ளர் தண்ணீரில் அரை மணி நேரம் ஊற வை. மண்சட்டி நல்லது, எவர்சில்வரும் பரவாயில்லை. இரும்புச் சட்டியும் அலுமினியமும் வேண்டாம். இரும்பு பட்டால் கஷாயம் கறுத்துப்போகும். கொதி வந்ததும் தீயைக் குறைத்து இருபது நிமிடம், பாதியாகச் சுண்டினால் இறக்கிவிடு. சுக்குக் கஷாயம்போல் ஒரு டம்ளராகும்வரை விட்டால் கசப்பில் வாயில் வைக்க முடியாது. அதே சக்கையில் இரண்டு டம்ளர் ஊற்றி இன்னொரு கொதி விட்டு, இரண்டையும் கலந்து, சாப்பாட்டுக்குப் பிறகு வெதுவெதுப்பாக இரண்டு வேளை குடிக்கலாம். மெல்லிய துணியில்தான் வடிகட்ட வேண்டும். இலையில் பொடி ரோமம் இருக்கும், டீ வடிகட்டியில் நிற்காது. கையில் பூ இருந்தால் கடைசி ஐந்து நிமிடம் போட்டால் போதும், முதலிலேயே போட்டால் மணம் போய்விடும்.

தொண்டைக் கரகரப்புக்கு மூன்று நாள் குடித்துப் பார், அதற்கு மேல் இழுக்காதே. வயிறு இளகினால் அன்றே நிறுத்து. இது குளிர்ச்சி என்பதால் வயிறு மந்தமானவர்களுக்கும், சாதாரணமாகவே பேதி போகிறவர்களுக்கும், பிள்ளைத்தாய்ச்சிக்கும் இவர்களே கொடுப்பதில்லை. என்னைக் கேட்டால் இந்த இலை குடிப்பதைவிட வெளியே ஊற்றத்தான் லாயக்கு. சின்னவனுக்குச் சித்திரையில் வேர்க்குரு வரும்போது இரண்டு கைப்பிடியை மூன்று லிட்டர் தண்ணீரில் கால் மணி நேரம் கொதிக்கவிட்டு, நன்றாக ஆறியபின் வடிகட்டி, குளித்து முடித்ததும் மேலுக்கு ஊற்று. முதல் நாள் முழங்கையில் மட்டும் தடவிப் பார். சீழ் வைத்த புண்ணில் ஊற்றக்கூடாது.

அம்மா விஷயம். சுகர் மாத்திரையோடு சேர்த்துக் கொடுக்கலாமா என்பதை டாக்டரிடம் பொட்டலத்தையே காட்டிக் கேள். மாத்திரையை நிறுத்திவிட்டு இதைக் கொடுக்கிற பேச்சே வேண்டாம். அதுவரை கஷாயத்தை வாய் கொப்பளித்துத் துப்பட்டும்.

மாமா கொடிக்குச்சி கேட்டிருந்தார். அனுமதிச் சீட்டு இல்லாமல் விமானத்தில் செடி கொண்டுவர முடியாது. ஏற்காட்டுக்கோ ஊட்டிக்கோ போனால் காட்டில் இதுபோல ஏதாவது கிடைக்குமே என்று தேடவும் வேண்டாம். இந்த மாகாணத்து மலையில் கெல்சீமியம் என்றொரு விஷக்கொடி இதோடேயே பின்னிப் படரும். ஹனிசக்கிள் என்று நினைத்துப் பறித்துக் குடித்து மூச்சு நின்று செத்தவர்கள் உண்டு. அதன் தண்டு வழவழப்பு, இலை பளபளப்பு, பூ கொத்தாக மஞ்சளாகவே வரும். நல்ல கொடியின் இளந்தண்டில் ரோமம் இருக்கும், பூ இலைக்கணுவில் ஜோடி ஜோடியாக வரும். இங்குள்ளவர்களே ஏமாறுகிறார்கள், நாம் எம்மாத்திரம்.

பொட்டலத்தை ஈரம் படாமல் வை. இங்கே மாசி பங்குனியில் கடல்காற்று திரும்பும்போது சுவரெல்லாம் வியர்க்கும். கிழவி இலையை அரிசி டப்பாவுக்குள் ஒளித்து வைப்பாள். பூஞ்சை வாடை வந்தால் வெயிலில் காயவைத்துக் காப்பாற்றப் பார்க்காதே, கொட்டிவிடு.

எனக்கு ஒரு குறையும் இல்லை. ரூம் மாற்றிவிட்டேன், லிஃப்ட் இல்லை, நடை நல்லதுதானே. குளிர் பனி விழும் குளிரில்லை, வீட்டுக்குள் ஹீட்டர் கிடையாது என்பதால் எலும்புக்குள் இறங்குகிற ஈரக் குளிர். சீனப் புத்தாண்டுக்குத் துணி மார்க்கெட் மூடினால் கட்டடமே காலியாகிவிடும், கிழவியும் மகன் ஊருக்குப் போய்விடுவாள். அப்போது நிறையத் தூங்கலாம். போனில் அம்மா "சாப்பிட்டியா சாமி" என்று கேட்டால் மட்டும் சட்டென்று பதில் வர மாட்டேன் என்கிறது. அதனால்தான், அக்கா, நான் கூப்பிடுவது குறைந்துபோனது. நீ அம்மாவிடம் வேறு ஏதாவது சொல்லிவை.

இந்த மாதப் பணம் பத்து நாள் பிந்தும், பேங்க் வேலை. பெரியவளின் சீருக்குச் சொன்ன தொகையில் மாற்றமில்லை, ஆனால் இரண்டு தவணையாக வரும் என்று மாமாவிடம் பக்குவமாகச் சொல்.

தோட்டத்துப் பட்டாவில் இன்னும் அப்பா பேர்தான் இருக்கிறது. முதலில் வாரிசுச் சான்று வாங்குங்கள். பவர் பத்திரத்தை இங்குள்ள இந்தியத் தூதரக அலுவலகத்தில் கையெழுத்திட்டு அனுப்புகிறேன். அது இந்தியா வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத்தீர்வை கட்டிவிட வேண்டும், இல்லாவிட்டால் செல்லாது என்று அலைய விடுவார்கள். பெரியப்பா பக்கத்து வரப்பை அளக்காமல் உட்பிரிவுக்கு எழுதிக் கொடுக்கவே கூடாது. சர்வே நம்பரும் நகலும் அடுத்த கடிதத்தில் வேண்டும்.

இப்படிக்கு,
உன் தம்பி