லீவு கூட்டம் மலையேறுறதுக்கு முன்னாடி இ-பாஸ்லயே எச்சரிக்கை குடுக்கணும்னு கோரிக்கை மனு

பெறுநர்:
மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
நீலகிரி மாவட்டம், உதகமண்டலம்.

பொருள்: அரையாண்டு லீவு, நியூ இயர், பொங்கல் சமயத்துல ரூம்லயும் ரோட்லயும் உயிர் போறதைத் தடுக்கறது சம்பந்தமா.

மதிப்பிற்குரிய ஆட்சியர் அவர்களுக்கு வணக்கம். நான் குன்னூர் வட்டத்துல குடியிருக்கறவன்.

டிசம்பர், ஜனவரில இங்க உறைபனி விழும், தலைகுந்தா பக்கம் விடிகாலைல புல்லெல்லாம் வெள்ளையா கிடக்கும், இந்தக் குளிர் பழகாத ஜனங்க காட்டேஜ்ல கேம்ப் ஃபயர் முடிஞ்சதும் மிச்சக் கரியை சட்டில அள்ளி ரூமுக்குள்ள வச்சு ஜன்னல், கதவு எல்லாம் இறுக்கிச் சாத்திட்டுப் படுத்துடறாங்க. புகைதான் இல்லயேன்னு நெனைக்கறாங்க, ஆனா வெறும் தணல்ல இருந்தும் கார்பன் மோனாக்சைடு வந்துட்டேதான் இருக்கும், அதுக்கு நிறமும் கிடையாது வாசனையும் கிடையாது, தூங்கறவங்களுக்கு மூச்சு முட்டுறதுகூட தெரியாது. கொடைக்கானல்ல 2024-ல ரெண்டு பேர் இப்படித்தான் போனாங்க. நம்ம எஸ்டேட் லைன் வீடுகள்ல இருக்கற வடமாநிலத் தொழிலாளர் குடும்பங்களும் இதையேதான் பண்றாங்க, அவங்களுக்குப் புரியற மாதிரி இந்தில யார் சொல்றது?

அடுத்தது ரோடு. குன்னூர்-மேட்டுப்பாளையம் ரோட்ல மரப்பாலத்துக்கிட்ட லீவு நாள் சாயங்காலம் நின்னு பாருங்க, சமவெளில இருந்து வந்த கார் ஒண்ணாவது வீல்ல புகையோட ஓரங்கட்டி நிக்கும், ரப்பர் கருகுற மாதிரி ஒரு நாத்தம் அடிக்கும். டாப் கியர்லயே இறங்கி பிரேக்கை விடாம மிதிச்சிட்டே வர்றாங்க, சிலபேர் பெட்ரோல் மிச்சம்னு நியூட்ரல்ல விடறாங்க, பிரேக் சூடாகிட்டா பெடல் பஞ்சு மாதிரி அமுங்கும் வண்டி நிக்காது. எந்த கியர்ல ஏறுறோமோ அதே கியர்ல இறங்கணும்ங்கறது இங்க சின்னப் பசங்களுக்குக்கூடத் தெரியும், வர்றவங்களுக்கு யாரும் சொல்லல. மரப்பாலம் பக்கத்துல 2023 செப்டம்பர்ல டூரிஸ்ட் பஸ் கவுந்து 9 பேர் செத்ததை இந்த ஊர் மறக்கல.

போர்டு வச்சா மட்டும் பத்தாதுங்க, மூடுபனில போர்டே தெரியாது. ஆனா 2024 மே மாசத்துல இருந்து வெளியூர் டூரிஸ்ட் வண்டிங்க ஆன்லைன்ல எடுக்கற அனுமதிச் சீட்டான இ-பாஸ் வாங்கித்தான் மேல வரணும், அதுல பாஸ் எடுக்கறவங்க மொபைல் நம்பர் இருக்கு. பாஸ் டவுன்லோட் ஆகறதுக்கு முன்னாடி ரெண்டே வரி வரட்டும்: ரூமுக்குள்ள கரி மூட்டாதீங்க, ரெண்டாவது கியர்லயே இறங்குங்க. தமிழ், மலையாளம், கன்னடம், இந்தி நாலுலயும் இருக்கணும். மூடுபனில ஹை பீம் போடக் கூடாதுன்னு எஸ்எம்எஸ்ஸும் அனுப்பலாம். காட்டேஜ், ஹோம்ஸ்டே நடத்தறவங்க ரூமுக்குள்ள கரி குடுத்தா லைசென்ஸ் ரத்துன்னு உத்தரவு போடுங்க, கூடவே எக்ஸ்ட்ரா கம்பளி வைக்கறதைக் கட்டாயமாக்குங்க, குளிர் தாங்காமதான அந்தக் கரியையே கேக்கறாங்க. கல்லார் செக்போஸ்ட்ல பாஸ் பாக்கற ஆளுங்களும் டிரைவர்கிட்ட வாயால ஒரு தடவை கியர் விஷயத்தைச் சொல்லி அனுப்பட்டும்.

அரையாண்டு பரீட்சை முடியறதுக்குள்ள இதைச் செஞ்சு குடுக்கணும்னு தாழ்மையோட கேட்டுக்கறேன்.

இப்படிக்கு,
குன்னூர் வட்டப் பொதுமக்கள்ல ஒருவன்